நிற்கும் பாதமும் ஓடும் பாதமும்

வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவிக்குப் போகிறது. பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கும் சிற்றூர் அது. வீடுகளுக்கு நடுவே கோயில்கள் நெருங்கிக் கிடப்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வெளியூர்க்காரர்களும் எல்லையில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கீழே கும்பக்கரை, மேலே கொடைக்கானல், நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான உயர வேறுபாடு. வேரும் கல்லும் சறுக்கும் சருகுமான அந்தப் பாதையில் பல தலைமுறைகள் சுமையோடு ஏறி இறங்கியிருக்கின்றன.

இனி ஒரு கற்பனை. சென்னையிலும் கோவையிலும் பெரிய ஷூ கடைகளில் கண்ணாடிப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றால் அரை நிமிடத்தில் திரையில் நம் பாதம் வண்ணப் படமாக வரும். உங்களுக்குத் தட்டைப் பாதம், ஓடும்போது கால் உள்பக்கம் அளவுக்கு மீறிச் சாயும், ஆகவே இந்த ஷூதான் சரி என்று விற்பனையாளர் ஒரு பெட்டியை நீட்டுவார். பெரும்பாலும் அது விலை கூடிய பெட்டியாகவே இருக்கும். அந்தப் பலகையைக் கழுதை முதுகில் ஏற்றி வெள்ளகவிக்குக் கொண்டுபோய் ஊர்க்காரர் ஒருவரை அதன்மேல் நிற்க வைத்தால், அவர் கால் இறக்கத்தில் எப்படி ஓடும் என்று அது சொல்லிவிடுமா?

நாற்பது ஆண்டுகளாக உயிரியந்திரவியல் ஆய்வகங்கள் கேட்டுவரும் கேள்வி இது. விடை பாதி ஆம், பாதி இல்லை. எந்தப் பாதி ஆம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிற்கும் பாதத்தை அளக்கும் வழிகள் பல. எல்லாவற்றிலும் பழையது, காலை நனைத்துத் தரையில் பதிப்பது. பாதத்தின் நடுப்பகுதி முழுக்கப் பதிந்தால் தட்டை, மெல்லிய கீற்றாகப் பதிந்தால் உயர்ந்த வளைவு. அமெரிக்க எலும்பு மருத்துவர் பிராடி 1982-ல் இன்னொரு முறையைப் பரவலாக்கினார். பாதத்தின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னே கைக்குத் தட்டுப்படும் படகெலும்பு, உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எழுந்து நின்று எடை ஏற்றியதும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு என்று கொள்வார்கள். லீட்ஸைச் சேர்ந்த ரெட்மண்ட் குழுவினர் 2006-ல் வெளியிட்ட முறையில் கருவியே வேண்டாம். நிற்பவரின் பாதத்தை ஆறு கோணங்களில் பார்த்தும் தொட்டும், ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும்.

இதே ரெட்மண்ட் குழு தன் மதிப்பெண்ணைத் தானே சோதித்தது. நிற்கும்போது கணுக்கால் பகுதி இருக்கும் நிலையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 64 சதவீதத்தை அந்த மதிப்பெண் விளக்கியது. நடக்கும்போது, ஒரு கால் முழு எடையையும் தாங்கும் நடுக்கணத்தில், அது 41 சதவீதமாகக் குறைந்தது. மீதி 59 சதவீதம் அந்த ஆறு கோணங்களில் அடங்காத வேறு எதனாலோ வருகிறது. அதுவும் ஓட்டத்தில் அல்ல, சமதளத்தில் நிதானமாக நடக்கும்போதே. எக்ஸ்ரே எடுத்து எலும்புகளின் கோணங்களையே அளந்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பென்சில்வேனியாவில் கவனா குழுவினர் 1997-ல் அப்படிச் செய்தார்கள். நடக்கும்போது குதிகாலுக்கும் பெருவிரல் அடிக்கும் கீழே எழும் அழுத்தத்தில் ஏறத்தாழ 35 சதவீத வேறுபாட்டைத்தான் எலும்பமைப்பால் விளக்க முடிந்தது.

அரிசோனாவைச் சேர்ந்த மெக்பாயில், கார்ன்வால் இருவரின் கதை இன்னும் சுவையானது. 1996-ல் அவர்கள் காலின் 17 நிலை அளவுகளை எடுத்து, நடக்கும்போது குதிகால் எப்படி அசைகிறது என்பதோடு ஒப்பிட்டார்கள். அளவுகளால் அசைவை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே இருவர் 2007-ல் ஓட்டக்காரர்களிடம் வேறொன்றை அளந்தார்கள். உள்கணு முண்டு, படகெலும்பு, பெருவிரலின் அடிமூட்டு ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்தால் ஒரு கோணம் கிடைக்கும். நிற்கும்போது இருக்கும் அந்தக் கோணம், ஓடும்போது எடை முழுதும் இறங்கும் நடுக்கணத்தில் அதே கோணம் எவ்வளவாக இருக்கும் என்பதை நன்றாகவே முன்னறிவித்தது.

ஒரே ஆட்கள், நேர்மாறான இரண்டு முடிவுகள். முரண்பாடு போலத் தெரிந்தாலும் அப்படி இல்லை. 2007-ல் அவர்கள் கேட்டது பாதம் எங்கே இருக்கும் என்று. 1996-ல் கேட்டது பாதம் எப்படிப் போகும் என்று. தாழ்ந்த வளைவோடு நிற்பவர் ஓட்டத்தின் நடுக்கணத்திலும் தாழ்ந்த வளைவோடுதான் இருப்பார், அதில் வியப்பில்லை. ஆனால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து அந்த நிலைக்கு எத்தனை பாகை சாய்ந்து வந்தார், எவ்வளவு வேகமாக வந்தார், அங்கிருந்து எப்போது திரும்பினார் என்பவை வேறு கேள்விகள். தாழ்ந்த வளைவுக்காரர் ஒருவரின் கால் இறுகிப்போய் அசையாமல் இருக்கலாம். உயர்ந்த வளைவுக்காரரின் கால் நிறையவே கீழிறங்கி எழலாம். ஷூ கடைப் பலகை அளப்பது இருப்பை. விற்பனையாளர் பேசுவதோ இயக்கத்தைப் பற்றி.

ஏன் இப்படி? முதல் காரணம் வெறும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் இரண்டு காலில் நிற்கும்போது ஒரு பாதத்துக்கு 30 கிலோ. ஓடும்போது ஒரு நேரத்தில் ஒரு பாதம்தான் தரையில் இருக்கும்; அதன்மேல் உச்சத்தில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்கும். அதாவது 150 கிலோ எடைக்குச் சமமான விசை, நின்றதைப் போல் ஐந்து மடங்கு. அதுவும் கால் நொடிக்குள் ஏறி இறங்கிவிடும். 26 எலும்புகளும் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் உள்ள ஓர் அமைப்பு, மெதுவான சிறு எடைக்கு வளைவது போலவே திடீர்ப் பெரும் எடைக்கும் வளையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தமானது. 1963-ல் பாஸ்மாஜியனும் ஸ்டெக்கோவும் பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்ந்த தசைகளில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, வளைவின்மேல் எடையை ஏற்றிப் பார்த்தார்கள். 100 பவுண்டு, 200 பவுண்டு ஏற்றியபோதும் தசைகளில் மின்னசைவு இல்லை. 400 பவுண்டு ஏற்றிய பிறகுதான் சில தசைகள் விழித்தன. சும்மா நிற்கும் பாதத்தின் வளைவைத் தாங்குபவை தசைகள் அல்ல. எலும்புகளின் பொருத்தமும் அவற்றைக் கட்டியிருக்கும் நார்களும்தான். ஓடும்போது அந்தத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் வேலை செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளங்கால் தசைகளுக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்து ஆட்களை நடக்கவும் ஓடவும் வைத்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வளைவு அமுங்குவது பெரிதாக மாறவில்லை. ஆனால் தரையை உந்தித் தள்ளும் கட்டத்தில் கால் தடுமாறியது. ஆக, ஓட்டத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் உறுப்புகள் தூங்கும் நேரத்தில்தான் நாம் பாதத்தை அளக்கிறோம்.

பாதத்துக்கு வில்லாகவும் ஒரு வேலை உண்டு. பிரிட்டனின் அலெக்சாண்டர் குழுவினர் 1987-ல் காட்டியபடி, நல்ல வேகத்தில் ஓடும் 70 கிலோ ஆளின் பாத வளைவு ஒவ்வொரு அடியிலும் அமுங்கி ஏறத்தாழ 17 ஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது. குதிநாண் இன்னும் 35 ஜூல். அதில் பெரும்பகுதி அடுத்த உந்தலில் திரும்பக் கிடைக்கிறது. அமுங்குவது பாதத்தின் குறை அல்ல, தொழில். காலின் உட்சாய்வை ஒரு நோய்போலப் பேசும் விளம்பரங்கள் இதை மறந்துவிடுகின்றன.

கால்தடத்தில் தெரியவே தெரியாத இன்னொரு வளைவும் இருக்கிறது. நீளவாட்டு வளைவைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். பாதத்தின் நடுவில் குறுக்குவாட்டிலும் ஒரு வளைவு உண்டு. சென்னை ஐஐடியில் படித்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மதுசூதன் வெங்கடேசனும், ஷ்ரேயாஸ் மாந்த்ரே, மகேஷ் பண்டி ஆகியோரும் 2020-ல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். பத்து ரூபாய்த் தாளை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தொங்கும். அதையே குறுக்காகச் சற்று வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். பாதத்தில் நடப்பதும் அதுதான். இறந்தவர்களின் பாதங்களில் அவர்கள் செய்த சோதனையில், விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவிலிருந்து வந்தது. எனவே நீளவாட்டில் தட்டையான பாதம்கூடக் குறுக்கு வளைவின் புண்ணியத்தால் விறைப்பாக உந்தக்கூடும். நனைந்த கால்தடம் அந்த ஆளைத் தட்டைப் பாதம் என்று ஒதுக்கிவிடும்.

சரி, ஓடும் பாதத்தை நேராகவே அளந்துவிடலாமே? அதுவும் எளிதல்ல. ஷூவின்மேல் புள்ளிகளை ஒட்டிப் படம் பிடித்தால் ஷூ அசைவதுதான் தெரியும், உள்ளே எலும்பு அசைவது தெரியாது. தோலில் ஒட்டினால் தோல் நழுவும். 2007-ல் ஆர்ன்ட் குழுவினர் இதற்கு ஒரு முரட்டு வழி கண்டார்கள். நான்கு தன்னார்வலர்களின் கால், பாத எலும்புகளில் மரப்பு மருந்து கொடுத்து உலோக ஊசிகளைத் திருகி, அவற்றோடு மெதுவாக ஓடச் செய்தார்கள். அந்த நால்வரைப் போன்ற தாராள மனம் எல்லாருக்கும் வராது. அதனால்தான் இவ்வகை ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை சிறிது. குதிகாலுக்கு முன்னால் உள்ள சிறு மூட்டுகளும் குறிப்பிடத்தக்க அளவு அசைகின்றன என்பதும், ஆளுக்கு ஆள் அசைவு வெகுவாக மாறுகிறது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. குதிகாலின் சாய்வை மட்டும் பின்னாலிருந்து செல்போனில் படம் பிடித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு அந்த முடிவுகள் இடம் தரவில்லை.

இவ்வளவும் சமதளக் கதை. மலைக்கு வந்தால் கணக்கே வேறு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ச் சாலையில் காலையில் ஓடுகிறவருக்கும், அங்கிருந்து வட்டக்கானல் சரிவில் இறங்குகிறவருக்கும் பாதம் ஒன்றுதான்; அதன்மேல் விழும் அடி ஒன்றல்ல. காட்ஷல், கிராம் இருவரும் 2005-ல் சாய்த்து அமைத்த டிரெட்மில்லில் இதை அளந்தார்கள். 9 பாகை இறக்கத்தில் ஓடும்போது தரையில் மோதும் விசையின் முதல் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் கூடியது. உடலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் விசை 73 சதவீதம் கூடியது. அதே 9 பாகை ஏற்றத்தில் மோதும் விசை 39 சதவீதம் குறைந்தது. ஏறும்போது பலரும் முன்பாதத்தில் ஊன்றுகிறார்கள், இறங்கும்போது குதிகால் முந்திக்கொள்கிறது. பழனிமலையின் 693 படிகளிலோ இது தலைகீழ்: படியிறங்கும்போது முதலில் படிவது முன்பாதம், பிறகுதான் குதிகால். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்து வருபவர்கள் பல நாள் சமவெளியில் குதிகாலை ஊன்றி வந்துவிட்டு, கடைசியில் படிப்பாதையில் வேறொரு பாதத்தைக் கேட்கிறார்கள். சமதளத்தில் நிற்பதை வைத்துச் சமதள ஓட்டத்தையே சரியாகச் சொல்ல முடியாதபோது, கல்லுக்குக் கல் சாய்வு மாறும் வெள்ளகவிப் பாதையைப் பற்றி அந்தக் கண்ணாடிப் பலகை என்ன சொல்லும்?

வெறுங்கால் பாதம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அவர்களும் பெரும்பாலும் நிற்கும் பாதத்தைக் காட்டித்தான் வாதிடுகிறார்கள். அவர்கள் கையில் நல்ல இந்தியச் சான்று ஒன்று இருக்கிறது. கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்து 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கே. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அது கூடுதல், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. இது வலுவான ஆய்வு. ஆனால் அது சொல்வது பாதத்தின் வடிவம் எப்படி வளர்கிறது என்பதை. அந்தக் குழந்தைகள் எப்படி ஓடினார்கள் என்பதையோ யாருக்கு அடிபட்டது என்பதையோ அல்ல. பெல்ஜியத்தின் டவூட் குழுவினர் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்களை ஆராய்ந்து 2009-ல் எழுதியது ஒரு படி மேலே போனது. நடக்கும்போது உள்ளங்காலில் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். வெறுங்கால்காரர்களின் பாதம் அகலமாக இருந்தது, அழுத்தம் பரவலாகப் படிந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, காலணி அணிந்தே பழகிய ஐரோப்பியர்களுக்கோ குதிகாலிலும் பெருவிரலிலும் குவிந்தது. அதுவும் நடைதான், ஓட்டம் அல்ல.

நிற்கும் அளவை நம்பி ஷூ கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கப் படைகள் பெரிய அளவில் சோதித்திருக்கின்றன. நாப்பிக் என்ற ஆய்வாளர் தலைமையில் தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்த 7,203 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, நிற்கும் பாதத்தின் தடத்தைப் பார்த்து, கடைக்காரர் சொல்வது போலவே வளைவுக்குத் தக்க ஷூ. மறுபாதிக்குத் தடம் எப்படியிருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிவில் காயங்களில் இரு பாதிக்கும் பேசத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு எந்த விசேஷமும் இல்லாத ஒரே ஷூவைக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். பாதம் உட்சாய்ந்தவர்களுக்கு அடி கூடுதலாக விழவில்லை. ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், இயல்பான பாதக்காரர்களைவிடக் குறைவாகவே விழுந்தது.

அப்படியானால் நிற்கும் பாதத்தை அளப்பதே வீணா? இல்லை. ஷூவின் நீள அகலத்துக்கு அது வேண்டும். நீரிழிவு உள்ளவரின் உணர்ச்சி குறைந்த பாதத்தில் எந்த இடம் அழுந்துகிறது என்று பார்க்கவும் வேண்டும். வளரும் குழந்தையின் பாதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் உதவும். ஓட்டத்தைப் பற்றி ஜோசியம் சொல்ல மட்டும் அதைக் கூப்பிட வேண்டாம்.

திண்டுக்கல், தேனி, மதுரை இளைஞர்கள் ராணுவ ஆள்சேர்ப்புக்கு உடலைத் தயார்செய்யும்போது அதிகம் பயப்படுவது இந்தத் தட்டைப் பாதத்துக்குத்தான். ஈரக்காலைச் சிமென்ட் தரையில் பதித்துப் பார்த்து மனம் உடைந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. நம் ராணுவத்தின் மருத்துவத் தர விதியோ ஈரத் தடத்தோடு நின்றுவிடுவதில்லை. நுனிக்காலில் எழும்பும்போது வளைவு திரும்ப வருகிறதா, நுனிக்காலில் துள்ளவும் ஓடவும் முடிகிறதா, பாதம் வலியில்லாமல் வளைந்துகொடுக்கிறதா என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் தட்டைப் பாதம் ஒரு தடையல்ல. பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்கால் நார்ப்பட்டை இழுபட்டு வளைவை உயர்த்துகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-ல் விளக்கிய இந்தப் பொறியமைப்பைத்தான் மருத்துவர் அந்தச் சில நொடிகளில் சோதிக்கிறார். வீட்டிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்து பார்க்கலாம். எழும்பியபிறகும் வளைவு வராமல் பாதம் இறுகியே இருந்தால், அதிலும் வலி இருந்தால், ஷூ கடைக்கு முன்னால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். குதிகால் பக்கத்து எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பதாலும் அப்படி ஆகும்.